காயில் கட்டத் தெரிந்த ஊருக்கு வரும் கார்

(கோயம்புத்தூரில் பட்டறை உரிமையாளர்கள், மெக்கானிக்குகள், பாலிடெக்னிக் மாணவர்கள், பழைய கார் ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



மின்சாரக் கார் நல்லதா, கெட்டதா என்று பேச வேண்டும் என்று கேட்டார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்மோட்டாரை நான் மனதார வரவேற்கிறேன். அந்த மோட்டாரைச் சுற்றி இன்று கட்டப்படுகிற காரைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வண்டியின் எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. கை தடவிப் பார்த்து அறிந்துகொண்ட பொத்தான்கள் போய், கண்ணாடித் திரை வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவரும், அவர் நம்பும் மெக்கானிக்கும் திறந்து பார்க்க முடியாதபடி பல பாகங்கள் பூட்டப்பட்டுவிட்டன. இதெல்லாம் மின்சாரம் கொண்டுவந்த கேடு என்று பலர் நினைக்கிறார்கள். பெட்ரோல் கார்களிலும் இதேதான் நடக்கிறது. மோட்டார் மேல் பழியைப் போட்டால், உண்மையான குற்றவாளி தப்பித்துவிடுவார்.

நான் எஞ்சின் சத்தத்தில் வளர்ந்தவன். ஹோண்டா சிட்டி வி-டெக் 6,000 சுற்றைத் தாண்டும்போது எழுகிற குரல், மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஃபியஸ்டாவின் ஸ்டியரிங் சாலையை அப்படியே உள்ளங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்த விதம், மாருதி எஸ்டீம் லேசான உடம்போடு வளைவில் திரும்பிய சுறுசுறுப்பு, இவையெல்லாம் எனக்கு மிகப் பெரிய இன்பங்கள். இந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, குழாய்ச் சட்டகத்தில் பொருத்தி, ஃபார்முலா மாருதி பந்தயக் காராக மாற்றிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 1995இல் சிறுவிமான விபத்தில் அவரை இழந்தோம். அவர் பெயரைத் தாங்கிய பந்தயத் தடம் செட்டிபாளையத்தில் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இங்கிருந்து போனவர்தான். அவருடைய தொடக்கமும் ஃபார்முலா மாருதியில்தான். சிறிய எஞ்சின், குறைந்த எடை, கையால் செய்யக்கூடிய தொழில்நுட்பம். கரிவரதன் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எடை பற்றிப் பேசும்போது இந்த இடத்துக்குத்தான் வரப்போகிறேன்.

மின்சாரக் கார் நேற்று வந்த புதுமை என்ற நினைப்பை முதலில் விட வேண்டும். 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்க நகரங்களில் நீராவிக் காரும் மின்சாரக் காரும் பெட்ரோல் காரோடு சரிக்குச் சமமாகப் போட்டி போட்டன. அதற்கு முந்தைய ஆண்டே, 1899இல், பெல்ஜியத்துக்காரரான கமீல் ஜெனாட்சி ஒரு மின்சார வண்டியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிவிட்டார். தரையில் ஓடிய எந்தக் காரும் அதற்கு முன் அந்த வேகத்தைத் தொட்டதில்லை. ஹென்றி ஃபோர்டு மாடல் டி பெட்ரோல் காரை இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவர் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மின்சாரக் கார். பெட்ரோல் காரை ஸ்டார்ட் செய்ய முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டியிருந்தது. பலருக்குக் கை முறிந்தது. 1912இல் காடிலாக் காரில் பொறியாளர் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. பெட்ரோல் கார் வெற்றி பெற்றதற்கு ஒரு சிறிய மின்மோட்டாரும் காரணம்.

நம் பக்கத்திலும் கதை பழையதுதான். சென்னையில் 1895இலேயே மின்சார டிராம் ஓடத் தொடங்கி, 1953 வரை ஓடியது. இந்தக் கோயம்புத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின, கிணறுகளில் பம்புசெட் இறங்கியது. இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்று போற்றப்படுவது 1937இல் இங்கே பிறந்தது, தொழில்முனைவோரான ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் இருவரின் பெயர்களும் அதோடு சேர்ந்தே சொல்லப்படுகின்றன. அன்றிலிருந்து இன்றுவரை கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மோட்டார் செய்யாத, காயில் கட்டாத, ரோட்டர் வார்க்காத தெருவைத் தேட வேண்டும். 1993இல் டெல்லி வாகனக் கண்காட்சியில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டு பேர் உட்காரும் மின்சாரக் கார் வந்தது. கேரளத்தின் சாலக்குடியிலும் இதே கோயம்புத்தூரிலும் தயாரான கார் அது. ஈய அமில பேட்டரியின் எடையும், அன்றைய சந்தையும், மின்வெட்டும் சேர்ந்து அதை நிலைக்கவிடவில்லை. எட்டு ஆண்டு கழித்து, 2001இல், பெங்களூரில் சேத்தன் மைனி ‘ரேவா’வைக் கொண்டுவந்தார். அந்தக் காரும் இந்தியாவில் பெரிதாக விற்கவில்லை. ஆனால் லண்டன் தெருக்களில் அதை ஓட்டி மகிழ்ந்தவர்கள் உண்டு. மோட்டார் நம்மிடம் எப்போதும் இருந்தது. நமக்கு இல்லாமல் போனது ஒரு நல்ல பேட்டரி.

அந்த பேட்டரியின் கதையில் நாம் பெருமைப்பட இடமிருக்கிறது. லித்தியம் பேட்டரிக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. அவருக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை வாசித்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். 1980களில் அவரும் குட்இனஃபும் சேர்ந்து ஆராய்ந்த பொருள்களின் வழியில்தான் பின்னர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வந்தது. அந்தப் பொருளைப் பேட்டரிக்கு உகந்ததென்று 1990களின் பிற்பகுதியில் குட்இனஃபின் ஆய்வுக்கூடத்தில் காட்டியவர்களில் அக்ஷய பாதி என்ற இந்தியரும் ஒருவர்.

இதை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. எல்.எஃப்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிதான் நம் வெயிலுக்கு ஏற்றது. இதில் கோபால்ட் இல்லை, நிக்கல் இல்லை. ஒரே எடையில் நிக்கல் பேட்டரியைவிடக் குறைவான மின்சாரத்தைத்தான் இது சேமிக்கும். ஆனால் அதிக முறை சார்ஜ் ஏற்றி இறக்கலாம். தீப்பற்றும் அளவு உள்வெப்பத்தை அது அவ்வளவு எளிதில் எட்டுவதில்லை. 2022 கோடையில் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகளைப் படித்து நாம் எல்லாரும் பதறினோம். அதற்குப் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளை அரசு கடுமையாக்கியது. இன்று நம் சாலையில் அதிகம் ஓடும் மின்சாரக் கார்களில் பல இந்த இரும்பு பாஸ்பேட் பேட்டரியோடுதான் வருகின்றன. கார் வாங்கப் போகும்போது ஷோரூமில் திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன், பேட்டரி எந்த வகை என்று கேளுங்கள்.

மோட்டார் ஏன் நல்லது என்பதற்கு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் சாலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க, புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வேண்டும். பெட்ரோல் கார் அந்த ஆற்றலை எரித்து மேலே போகும். இறங்கும்போது மிஞ்சுவதை எஞ்சினிலும் பிரேக்கிலும் சூடாக்கித் தொலைக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று நம் ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். கேட்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தவர்களின் வண்டி அடிவாரத்தை எட்டும்போது பிரேக் கருகிய வாடை அடிப்பதை நீங்கள் அறிவீர்கள். மின்சாரக் காரில் இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகிறது. அந்த 8 யூனிட், இறங்கும் 50 கிலோமீட்டருக்கான ஓட்டச் செலவை முழுதும் ஏற்றுக்கொள்ளும். நிதானமாக ஓட்டினால் ஒன்றிரண்டு யூனிட் பேட்டரியில் மிச்சமாகவும் சேரும். பிரேக் பெடலை மறந்துவிட்டு, ஆக்சிலரேட்டரை விடுவதும் அழுத்துவதுமாகக் கொண்டை ஊசி வளைவுகளில் தாளம் பிடித்து இறங்குவது, கியர் மாற்றுவதில் கண்ட சுகத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஊட்டியில் இரவு தங்குபவர்கள் காரை 100 விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரிக்குள் மேலும் மின்சாரம் ஏறாது. அப்போது மோட்டாரால் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாமல், முழுச் சுமையும் பிரேக் மேல் விழும். 80 விழுக்காட்டில் நிறுத்திக்கொண்டு இறங்குங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்பது ஒரு நடுத்தர மின்சாரக் காருக்கு நியாயமான கணக்கு. வீட்டு மின்கட்டணத்தின் உயர்ந்த படியான யூனிட்டுக்கு 12 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 180 ரூபாய்தான் ஆகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், 660 ரூபாய்க்கு மேல் ஆகும். ஆனால் இது சொந்த வீட்டில், சொந்த மீட்டரில் சார்ஜ் போட முடிந்தவரின் கணக்கு. அடுக்குமாடியில் இருப்பவர், வாடகை வீட்டில் இருப்பவர், தெருவில் வண்டி நிறுத்துபவர் ஆகியோருக்குப் பொது சார்ஜிங் நிலையத்தின் விலை வேறு. மின்சாரக் கார் இன்று வீட்டுக்காரர்களின் காராக இருக்கிறது. இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். மின்சாரம் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. நெய்வேலியிலிருந்தும் வருகிறது, உண்மைதான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பல்லடத்திலும் உடுமலையிலும் சுழலும் காற்றாலைகளை இந்த அரங்கில் பலர் சொந்தமாக வைத்திருக்கிறீர்கள். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் காற்று என்ன தருகிறது என்பதை எனக்குச் சொல்லித்தரக்கூடியவர்கள் நீங்கள்.

இனி, கரிவரதனை நினைவில் வைத்துக்கொண்டு, எடைக்கு வருகிறேன். எனக்கு உறக்கம் கெடுவது இதில்தான்.

1983 டிசம்பரில் வெளிவந்த முதல் மாருதி 800இன் எடை ஏறக்குறைய 650 கிலோ. அதில் நான்கு பேர் குடும்பமாகக் கொடைக்கானல் போனார்கள். இன்று அதே குடும்பம் 1,400 கிலோ வண்டியில் போகிறது. அடுத்து வாங்க நினைப்பது 2 டன் வண்டி. இந்தக் காலத்தில் பாதுகாப்புக்காக எடை கொஞ்சம் கூடத்தான் வேண்டும். மாருதி 800 இன்றைய மோதல் சோதனையில் தேறாது, அதில் வாதமில்லை. ஆனால் கூடிய எடையில் பெரும்பகுதி பாதுகாப்புக்குப் போகவில்லை. உயரத்துக்கும் அகலத்துக்கும் பெரிய சக்கரத்துக்கும் போகிறது. நம் நாட்டில் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் இப்போது எஸ்.யு.வி. என்ற பெயரில் வருபவை. செடான்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. உயரமான வண்டி காற்றை அதிகம் கிழிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆற்றலை அதிகம் தின்பது காற்றுதான். எனவே அதே தூரம் போக இன்னும் பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரி வந்தால் இன்னும் எடை. எடை கூடினால் இன்னும் பெரிய டயர், பெரிய பிரேக், தடித்த சஸ்பென்ஷன். இந்தச் சுற்று எங்கும் முடிவதில்லை.

பேட்டரிக்கு எடை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. 35 லிட்டர் பெட்ரோல் 26 கிலோதான் இருக்கும். அதற்குள் 300 யூனிட்டுக்கு மேல் ஆற்றல் உண்டு. 40 யூனிட் பிடிக்கும் எல்.எஃப்.பி. பேட்டரி ஏறக்குறைய 300 கிலோ. பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெப்பமாக வீணடிக்கிறது என்பதால்தான் மின்சாரக் கார் இந்தப் போட்டியில் நிற்கவே முடிகிறது. அப்படி இருக்கும்போது, எடையைக் குறைக்க வேறு எந்த வண்டியையும்விட அதிகக் கவனம் செலுத்த வேண்டியது மின்சாரக் காரில்தான். நடப்பது நேர்மாறு. ‘லோட்டஸ்’ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் வாழ்ந்ததே எடைக் குறைப்பில்தான். 1996இல் அவர்கள் செய்த எலைஸ் 725 கிலோ அளவில்தான் இருந்தது. லோட்டஸ் பெயரைத் தாங்கி இன்று வரும் எலெட்ரா என்ற மின்சார வண்டி ஏறக்குறைய இரண்டரை டன். பெயர்ப் பலகையைத் தவிர இரண்டுக்கும் பொதுவானது எதையும் நான் காணவில்லை.

உயர்ந்த முன்பக்கம் வெறும் தோற்றம் சம்பந்தப்பட்டதும் அல்ல. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வில், முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்து போகிறவர் மேல் மோதினால், தாழ்ந்த சரிவான முன்பக்கம் உள்ள வண்டிகளைவிட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். நம் ஊரில் நடைபாதை இருக்கும் சாலை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிட்டு இந்த எண்ணை மறுபடி படியுங்கள்.

வாங்குகிறவர் ஆசையால்தான் இப்படி ஆகிறது என்று நிறுவனங்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. காரின் வடிவத்தை வரிச் சட்டம் செதுக்குகிறது. 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்ற விதி வந்ததும், பின்பெட்டியை வெட்டிக் குட்டையாக்கிய செடான்கள் பிறந்தன. பிறகு அதே 4 மீட்டருக்குள் மேல்நோக்கி வளர்ந்த எஸ்.யு.வி.கள் பிறந்தன. நீளத்துக்கு விதி வைத்தோம், எடைக்கு வைக்கவில்லை. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோது சிறிய பெட்ரோல் காருக்கு 18 விழுக்காடு, பெரிய காருக்கு 40 விழுக்காடு என்று ஆனது. மின்சாரக் காருக்கு மட்டும் எல்லா அளவுக்கும் ஒரே 5 விழுக்காடு. அதாவது இரண்டரை டன் சொகுசு மின்சார வண்டிக்கும் 5, எண்ணூறு கிலோ மின்சார வண்டிக்கும் 5. இது சரியில்லை. பிரான்சில் எடை கூடிய கார்களுக்குத் தனி வரி இருக்கிறது. பாரிஸ் நகர மக்கள் 2024 பிப்ரவரியில் வாக்களித்து, கனமான கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். பெட்ரோல், டீசல் காருக்கு 1.6 டன், மின்சாரக் காருக்கு 2 டன் என்று எல்லை வைத்தார்கள். நாமும் மின்சாரக் காருக்கான சலுகையை எடையோடு கட்ட வேண்டும்: 1,000 கிலோவுக்குள் இருந்தால் முழுச் சலுகை, அதற்கு மேல் படிப்படியாகக் குறைய வேண்டும். நல்ல வேளையாக எதிர்த்திசையில் போகும் வண்டிகளும் உண்டு. 2023இல் வந்த எம்.ஜி. காமெட் மூன்று மீட்டர் நீளம்கூட இல்லை, எடை எண்ணூறு கிலோவைச் சற்றே தாண்டும், பேட்டரி 17.3 யூனிட், பின்சக்கரங்களை மோட்டார் இயக்குகிறது. நெடுஞ்சாலைக்கு அது ஏற்ற வண்டி அல்ல. நகரத்துக்கு அதைவிடப் பெரியது எதற்கு என்று நான் கேட்கிறேன்.

திரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் காற்று நம் பக்கம் வீசத் தொடங்கிவிட்டது. ஏ.சி.யைக் கூட்டக் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துத் திரையில் மூன்று முறை தட்ட வேண்டியது வடிவமைப்புத் தோல்வி. பொத்தான் செய்வதைவிட மென்பொருள் எழுதுவது மலிவு என்பதே இதற்குக் காரணம். ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமானால் இன்டிகேட்டர், ஹசார்டு விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டது. நம் பாரத் என்கேப்பும் இதைப் பின்பற்ற வேண்டும்.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. பங்கில் வரும் பெட்ரோலில் இப்போது 20 விழுக்காடு எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட லிட்டருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கார்புரேட்டர் வண்டிகளின் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அது பதம் பார்க்கும். கலக்காத பெட்ரோலை ஒரு பம்பிலாவது நியாயமான விலைக்குத் தனியாகக் கொடுங்கள் என்று கேட்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குக்காக அல்ல. இருபது வருட ஸ்கூட்டரில் பால் ஊற்றப் போகிறவருக்கும் இதே பிரச்சினைதான்.

இப்போது பட்டறைக்கு வருகிறேன். இதற்காகவே வந்தேன்.

எஞ்சின் போனால் பிஸ்டன், ரிங், வால்வு, எஞ்சின் பேரிங், சைலன்சர், ஆயில் ஃபில்டர், கிளட்ச் எல்லாம் போகும். சென்னை செம்பியத்தில் பிஸ்டன் வார்க்கிறார்கள். இந்தக் கோயம்புத்தூரில் எஞ்சின் பேரிங் செய்கிறார்கள். பவுண்டரிகள் எத்தனை என்று எண்ண முடியாது. இந்தத் தொழிலாளர்களின் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மாற்றம் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நடக்கும். அதற்குள் ஒரு நாற்பது வயது லேத் தொழிலாளி என்ன கற்றுக்கொள்ள வேண்டும், யார் கற்பிப்பார்கள், கற்கும் மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களும் அரசும் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் மோட்டாரும் இன்வெர்ட்டரும் பேட்டரியும் நிரம்பிய வண்டியைக் கண்டு அதிகம் பயப்பட வேண்டிய ஊர் இதுவல்ல. நவீனக் காரின் மோட்டாரைத் தெருமுனைக் கடையில் காயில் கட்ட முடியாது என்பது உண்மைதான். இப்போது பல கார்களில் ‘ஹேர்பின்’ முறை வந்துவிட்டது: தட்டையான செம்புப் பட்டைகளைக் கொண்டை ஊசி போல வளைத்து ஸ்டேட்டரில் சொருகி, முனைகளை லேசரில் பற்றவைக்கிறார்கள். அதைப் பிரித்துக் கட்ட முடியாது. ஆனால் ஆட்டோக்கள், ஸ்கூட்டர்கள், சிறிய சரக்கு வண்டிகள் பலவற்றில் இன்னும் வட்டக் கம்பிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் உலகமெங்கும் வாகன ஆலைகள் தடுமாறின, நம் ஆலைகளும்தான். காந்தமே இல்லாத மோட்டார் ஒன்று உண்டு: இன்டக்‌ஷன் மோட்டார். டெஸ்லா தன் முதல் கார்களில் அதைத்தான் வைத்தது. நம் கிணற்றில் எண்பது ஆண்டாகத் தண்ணீர் இறைப்பதும் அதே இன்டக்‌ஷன் மோட்டார்தான். அதன் எடையைக் குறைத்து, வேகத்தைக் கூட்டி, சிறிய காருக்கும் மூன்று சக்கர வண்டிக்கும் ஏற்றதாக்குவது இந்த ஊரின் கைக்கு எட்டிய வேலை. பாலிடெக்னிக் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகத்துக்கு வேண்டிய மோட்டாரை உங்கள் மாமாவின் பட்டறையே கொடுக்கும்.

இதற்குத் தடையாக நிற்பது தொழில்நுட்பத்தைவிடப் பூட்டுதான். எனக்குத் தெரிந்த ஒரு டாக்ஸிக்காரரின் வண்டி பாதி தூரத்திலேயே சார்ஜ் இறங்கி நின்றது. சர்வீஸ் மையத்தில் முழு பேட்டரியையும் மாற்ற வேண்டும் என்றார்கள். வாரன்டி முடிந்திருந்தது, சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கும் விலையைவிட அதிகம். பேட்டரியைத் திறக்கத் தெரிந்த ஒரு இளைஞர் பார்த்தபோது ஒரே ஒரு மாட்யூலில் இரண்டு செல் பலவீனமாகியிருந்தது. அந்த மாட்யூலைத் தனியாக விற்க யாரும் தயாராக இல்லை. பழைய மாட்யூல் ஒன்றைத் தேடிப் போட்டபோதும் வண்டியின் கணினி அதை ஏற்க மறுத்தது. நிறுவனத்தின் மென்பொருளால் பதிவு செய்ய வேண்டுமாம். ஒரு பல் சொத்தையானால் தாடையையே எடுக்கச் சொல்வதற்கு இது சமம். டாக்ஸிக்காரர் தவணை கட்டிக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார்.

இதைச் சட்டத்தால் மாற்ற முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் கார் பழுதுபார்க்கும் உரிமைக்கான சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020இல் வாக்காளர்கள் அதை வண்டி கம்பியில்லாமல் அனுப்பும் தகவல்களுக்கும் விரிவாக்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் மின்சார வாகன பேட்டரி ஒவ்வொன்றுக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம் என்று வைத்திருக்கிறது. பேட்டரி எங்கே செய்யப்பட்டது, எதனால் ஆனது, இப்போது எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். பழைய மின்சாரக் கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடங்கும். தளம் இருப்பது போதாது. பழுதுக் குறியீடுகள், வயரிங் படங்கள், மாட்யூல் விலைப் பட்டியல், பதிவு மென்பொருள் ஆகியவற்றை நியாயமான கட்டணத்தில் எந்தப் பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கும் கொடுக்க வேண்டும் என்று கட்டாயச் சட்டம் வேண்டும். பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்டது. வாடிக்கையாளர்கள் எதிர்த்ததும் 2023இல் கைவிட்டது. நாம் கேட்டால் அவர்கள் கேட்பார்கள்.

கேட்கிற உரிமையோடு, கற்கிற கடமையும் நமக்கு இருக்கிறது. மின்சாரக் காரின் பேட்டரி 300 முதல் 400 வோல்ட், சிலவற்றில் அதற்கும் மேல், அது நேர்மின்சாரம். பம்புசெட்டைத் தொட்டுப் பழகிய தைரியம் இங்கே உயிரை வாங்கிவிடும். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்ற வேண்டும். சர்வீஸ் பிளக்கை எடுத்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் தெரியாமல் திரும்பச் சொருகிவிடக்கூடாது. இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டர் வடிவதற்கு அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் காற்று ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து அணிய வேண்டும். மீட்டரில் அளந்து பூஜ்யம் என்று கண்ட பிறகே கை வைக்க வேண்டும். தனியாக யாரும் இந்த வேலையைச் செய்யக்கூடாது. இந்த ஊரின் பட்டறைச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பயிற்சிக் கூடம் அமைத்தால், பழைய பேட்டரி ஒன்றையும் மோட்டார் ஒன்றையும் வாங்கிக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். வாரம் ஒருநாள் வந்து கற்றுக்கொடுக்கவும் செய்வேன்.

துண்டுச் சீட்டில் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். பழைய மின்சாரக் கார் வாங்கும்போது பேட்டரியை எப்படிச் சோதிப்பது என்பதுதான் அதிகம் பேர் கேட்டிருப்பது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.